மில்லிங் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தாச்சு, இப்போது ஏன் மக்கர் செய்கிறது?

விற்றவர் இடத்தில் சத்தமில்லாமல் ஓடிய மெஷின், நம் ஷெட்டில் இறக்கி வைத்த மறுநாள் மக்கர் செய்தால் கை தானாக ஸ்பேனரைத் தேடும். பேரிங் போயிருக்குமோ, ஹெட்டைத் திறந்து பார்க்கலாமா என்று மனசு அடித்துக்கொள்ளும். கொஞ்சம் பொறுங்கள். நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் இடையில் நடந்தது என்ன? நாம் அதைத் தூக்கினோம், கட்டினோம், திருப்பினோம், ஒயரைக் கழற்றி வேறு மாதிரி மாட்டினோம். முதலில் அங்கே தேடுங்கள். நான் அப்படித் தேடாமல் நாலு நாள் வீணாக்கினேன், அந்தக் கதை கீழே வரும்.

நான் சொல்வது டர்ரெட் மில்லிங் மெஷினை வைத்து, அதாவது சுற்றும் கட்டரால் இரும்பை வெட்டும் மெஷின். கட்டரைச் சுற்றும் தண்டு ஸ்பிண்டில், அதையும் மோட்டாரையும் தாங்கும் மேல்பாகம் ஹெட். நம் பட்டறைகளில் எம்1டிஆர் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோமே, அந்த ஜாதி. இதற்கெல்லாம் மூலம் 1938-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பிரிட்ஜ்போர்ட் ஊரில் ருடால்ஃப் பன்னோ, மாக்னஸ் வால்ஸ்ட்ராம் என்ற இரண்டு பேர் கொண்டுவந்த டிசைன். என்னுடையது அதன் தைவான் நகல், கோவையில் மூடப்பட்ட ஒரு டூல் ரூமிலிருந்து செகண்ட் ஹேண்டில் எடுத்தது, எடை ஏறக்குறைய ஒரு டன். கார் நிற்க வேண்டிய இடத்தில் இப்போது இது நிற்கிறது.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். டேபிளைத் தாங்கிக்கொண்டு மேலும் கீழும் போகும் பாகத்தைப் பட்டறையில் 'நீ' என்போம். எழுதினால் படிப்பவரைக் கூப்பிடுவது போல இருக்கிறது, அதனால் இங்கே 'முட்டி' என்றே வைத்துக்கொள்கிறேன்.

வண்டி வாசலில் நிற்கிறது, மெஷின் உள்ளே போக மாட்டேன் என்கிறது

இதை முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும். வாசல் நிலை பொதுவாக 7 அடி. மெஷினும் மோட்டாரோடு சேர்த்தால் கிட்டத்தட்ட அதே 7 அடி. கீழே பேலட் டிரக் தூக்கும் உயரம், நடுவில் வைக்கும் மரக்கட்டை, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் டிராபார் (கட்டரைக் கவ்வும் காலட்டை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீளக் கம்பி) தலை, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். நான் டேப் பிடித்துப் பார்த்தபோது நாலு நூல் இடைவெளி வந்தது, சந்தோஷப்பட்டேன், டிராபாரைச் சேர்க்கவே இல்லை.

இரண்டு வழி இருக்கிறது. மோட்டாரைக் கழற்றி இறக்கலாம், சில போல்ட்டுதான். அல்லது ஹெட்டைப் பக்கவாட்டில் சுற்றித் தலைகீழாக நிறுத்தலாம். இரண்டாவதில் உயரம் குறைவதோடு பாரமும் கீழே இறங்கும். இந்த மெஷின்கள் எல்லாமே தலைக்கனம் பிடித்தவை, லேசாகச் சாய்ந்தாலே போய்விடும், அதனால் எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். ஹெட்டைத் திருப்பவில்லை என்றால் முட்டியை இறக்கி, டேபிள் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, ஹெட்டின் அடி அதில் லேசாக உட்காரும் வரை முட்டியை ஏற்றுங்கள். ஹெட்டைத் தாங்கி முன்னும் பின்னும் நகரும் ராமை முழுவதும் உள்ளே தள்ளுங்கள், டேபிளை நடுவில் வையுங்கள், எல்லாப் பூட்டையும் போடுங்கள். போட்ட பூட்டை எல்லாம் போனில் படம் எடுத்து வையுங்கள், ஏன் என்பது கீழே தெரியும்.

வண்டி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். குட்டி யானை முக்கால் டன் பாரத்துக்கான வண்டி, அதில் ஒரு டன்னை அதுவும் இவ்வளவு உயரமான ஒரு டன்னை ஏற்றாதீர்கள். 407 லாரி எடுங்கள்.

தரைதான் பெரிய விஷயம். எங்கள் வீட்டுக்கு ஹைட்ரா கிரேன் ஓட்டிவந்த அண்ணன் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, இறங்காமலே கேட்டார்: "சார், போர்டிகோவுக்கு அடியில தொட்டி இருக்குங்களா?" நான் இல்லை என்றேன். ஜன்னலிலிருந்து மனைவி சொன்னாள்: "இருக்குதுங்ணா, மூடி அந்தச் செடித்தொட்டிக்குக் கீழ இருக்குது." பதினோரு வருஷம் குடியிருக்கும் வீட்டில் தண்ணீர்த் தொட்டி எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. மெஷின் ஒரு டன்தான், அதைத் தூக்க வரும் கிரேன் அதைப்போலப் பல மடங்கு கனம். அவர் ரோட்டிலேயே நின்று, பூமை நீட்டிக் கேட்டுக்கு உள்ளே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். மிச்சம் இருபது அடியை, தொட்டியைச் சுற்றிக்கொண்டு, பைப் மேல் உருட்டிக் கொண்டுவந்தோம். சம்ப், செப்டிக் டேங்க் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று சாக்பீஸில் தரையில் கோடு போட்டு வைப்பது ஐந்து நிமிஷ வேலை.

உருட்டுவதற்குக் கனமான ஜி.ஐ. பைப் நாலு, கடப்பாரை இரண்டு. டைல்ஸ் தரை என்றால் மேலே இரும்புத் தகடோ தடித்த பிளைவுட்டோ போட்டுத்தான் பைப்பை வைக்க வேண்டும். கடப்பாரையால் நெம்பும்போது பக்கத்திலேயே மரச்சக்கை வைத்துக்கொண்டே போங்கள், இரும்பு மேல் இரும்பு வழுக்கும். சாய்ந்தால் பிடிக்கப் போகாதீர்கள், விலகி ஓடுங்கள்.

பரணுக்கு அடியில் நிறுத்திவிடாதீர்கள் என்பதும் உண்டு. ஏறக்குறைய ஒன்றரை அடி டிராபார் மேல்பக்கமாகத்தான் வெளியே வரும், 7 அடியில் பரண் இருந்தால் வரவே வராது.

மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை

உடனே ஆஃப் செய்யுங்கள். இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று பத்து வினாடி பிடித்தால் காயில் கருகும் வாசம் வந்துவிடும்.

த்ரீ பேஸ் இணைப்பு என்றால் ஒரு பேஸ் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை இழுக்கவிட்டு, அதன் வெளியே போகும் மூன்று முனைகளில் இரண்டிரண்டாக மீட்டர் வைத்துப் பாருங்கள். மூன்று ஜோடியிலும் 415 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒரு ஜோடியில் சரியாக வந்து மற்ற இரண்டில் குறைந்தால் எந்தக் கம்பி என்று தெரிந்துவிடும். இடம் மாற்றும்போது ஒயரை வெட்டி மறுபடி மாட்டியிருப்போம், திருகுக்குக் கீழே செப்பு இழை பாதி வெளியே நிற்கும், அல்லது திருகு செம்பைக் கடிக்காமல் பிளாஸ்டிக்கைக் கடித்துக்கொண்டிருக்கும். ஃபியூஸ் கேரியரையும் பாருங்கள்.

மோட்டார் முனகாமல் ஸ்டார்ட்டர் மட்டும் டர்ர் என்று நடுங்கினால் அது வேறு. த்ரீ பேஸ் ஸ்டார்ட்டரில் உள்ளே இருக்கும் காயில் பல சமயம் 415 வோல்ட்டுக்கானது, வீட்டில் 230 கொடுத்தால் முழுதாக இழுக்காது. காயில் மேல் எழுதியிருக்கும், படித்துப் பார்த்து மாற்றுங்கள். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் இந்த ஒரு பகுதிக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள், வெட்கமே இல்லை.

சுற்றுகிறது, ஆனால் எதிர்ப்பக்கம்

மேலிருந்து பார்த்தால் ஸ்பிண்டில் கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று பேஸ் கம்பியில் ஏதாவது இரண்டை இடம் மாற்றுங்கள், முடிந்தது. விஎஃப்டி டிரைவ் (மோட்டாருக்குப் போகும் கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வைத்திருந்தால் உள்ளே வரும் கம்பியை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை, மோட்டாருக்குப் போகும் கம்பியில் இரண்டை மாற்றுங்கள், அல்லது டிரைவின் செட்டிங்கில் திசையை மாற்றுங்கள்.

கம்பியில் கை வைப்பதற்கு முன் கியர் எதில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இந்த வகை ஹெட்டில் பேக் கியர் போட்டால், அதாவது குறைந்த வேகத்துக்கு மாற்றினால், ஸ்பிண்டில் எதிர்ப்பக்கம்தான் சுற்றும். அது டிசைனே அப்படி. அதனால்தான் ஃபார்வர்டு ரிவர்ஸ் சுவிட்ச் கொடுத்திருக்கிறார்கள். லோ கியரில் நிற்பது தெரியாமல் கம்பியை மாற்றி, பிறகு ஹையில் போட்டு மறுபடி மாற்றி, மோட்டாருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று என்னிடம் போனில் சொன்ன நண்பர் ஒருவர் உண்டு. கட்டரைத் தலைகீழாகச் சுற்றவிட்டால் பல் வெட்டாது, தேய்த்துச் சிவந்து போகும், ஆகவே முதல் ஓட்டம் கட்டர் இல்லாமல்.

வெறுமனே ஓடுகிறது, கட்டர் பட்டதும் நின்றுவிடுகிறது

வீட்டில் சிங்கிள் பேஸ்தான், விஎஃப்டி வைத்து ஓட்டுகிறோம் என்பவர்களுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சாதாரண சிங்கிள் பேஸ் டிரைவ் 230 வோல்ட் வாங்கி 230 வோல்ட் த்ரீ பேஸாகத்தான் கொடுக்கும். நம் ஊர் 2 எச்.பி. மோட்டார் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் முறையில் (மூன்று காயிலின் ஒரு முனையைச் சேர்த்து முடிச்சுப் போட்டு) கட்டியது. ஸ்டாரில் இருப்பதற்கு 230 கொடுத்தால் 50 ஹெர்ட்ஸில் அதன் சுற்றும் வலு (டார்க்) ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். வெறும் ஸ்பிண்டிலைச் சுற்ற அது போதும், இரும்பை வெட்டப் போதாது.

மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறங்கள். ஆறு முனை இருந்தால் அதிர்ஷ்டம், தகட்டில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து டெல்டாவுக்கு (காயில்களை முக்கோணமாக இணைக்கும் முறை) மாற்றினால் 230-க்கு முழு வலுவும் வந்துவிடும். சின்ன மோட்டார்களில் மூன்று முனைதான் வெளியே வந்திருக்கும், ஸ்டார் முடிச்சு உள்ளேயே கட்டி வார்னிஷ் போட்டிருப்பார்கள். அதை ரீவைண்டிங் கடையில் கொடுத்து முடிச்சைப் பிரித்து ஆறு முனையாக வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். மோட்டார் பம்ப் ஊர் என்பதால் கோவையில் இது தெருவுக்குத் தெரு நடக்கும் வேலை.

மெஷினில் இருக்கும் பழைய டிரம் சுவிட்சை, அதாவது அந்த ஃபார்வர்டு ரிவர்ஸ் சுவிட்சை, டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது அதைத் திருப்பினால் டிரைவ் போய்விடும். அந்தச் சுவிட்சை டிரைவின் கன்ட்ரோல் முனைகளுக்கு மாற்றிக் கொடுங்கள். டிரைவைத் திறக்க வேண்டி வந்தால் மெயினை அணைத்து, அதன் புத்தகத்தில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருங்கள், உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும்.

டிரிப் ஆகிறது

ஆன் செய்த கணம் எம்சிபி விழுகிறதா? வீட்டு லைட்டுக்கான பி டைப்பாக இருக்கும், மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டை அது தாங்காது. சி டைப் போடுங்கள், ஆம்பியர் எண்ணைக் கண்மூடித்தனமாக ஏற்றாதீர்கள், ஒயர் தாங்கும் அளவுக்குத்தான் எம்சிபி. ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்) விழுகிறது, அதுவும் விஎஃப்டி இருக்கிறது என்றால் டிரைவின் ஃபில்டர் எர்த்துக்குக் கசியவிடும் கொஞ்சம் கரண்ட்டே 30 மில்லி ஆம்பியரைத் தொட்டிருக்கலாம். மோட்டார் ஒயர் கட்டி வரும் வழியில் நசுங்கி, பாடியில் பட்டுக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. முதலில் இரண்டாவதைப் பாருங்கள். எது காரணமாக இருந்தாலும் ஆர்சிசிபியை பைபாஸ் செய்வது மட்டும் வேண்டாம், பிள்ளைகள் வந்து போகும் வீடு.

கைப்பிடி கல்லு மாதிரி இறுகியிருக்கிறது

போனில் எடுத்த படத்தைப் பாருங்கள். டேபிளுக்கு முன்பக்கம் இரண்டு பூட்டு, டேபிளுக்கு அடியில் இருக்கும் சேடிலுக்கு ஒன்று, முட்டிக்கு ஒன்றோ இரண்டோ, ஸ்பிண்டிலோடு மேலும் கீழும் போகும் உருளையான குயிலுக்கு ஒன்று. முட்டியின் பூட்டு பக்கவாட்டில் மறைவாக இருக்கும், எல்லோரும் மறப்பது அதைத்தான். பூட்டு போட்ட நிலையிலேயே கைப்பிடியில் தொங்கி முட்டியை ஏற்றப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

எல்லாம் திறந்தும் இறுக்கம் என்றால் டேபிள் சறுக்கும் ஸ்லைடில் பழைய கிரீஸ் காய்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்கும். இங்கே ஒரு பழைய பாவத்தைச் சொல்ல வேண்டும். மெஷினில் நிப்பிள் இருந்தால் கிரீஸ் கன்னை மாட்டிவிடுவது நம் ஊர் வழக்கம். இந்த மெஷின்களுக்கு ஆயில்தான் போட வேண்டும், ஸ்லைடுக்கு 68 நம்பர் ஸ்லைடுவே ஆயில். கை பம்ப் வைத்து எல்லா இடத்துக்கும் ஒரே இழுப்பில் ஆயில் போகும் அமைப்பு இருந்து, அதன் மெல்லிய குழாயில் யாரோ ஒருமுறை கிரீஸ் ஏற்றியிருந்தால் எல்லாம் அடைபட்டுக் கிடக்கும். குழாய் ஒவ்வொன்றாகக் கழற்றி மண்ணெண்ணெய் விட்டு ஊதி எடுக்க வேண்டியதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். துடைப்பதற்கு பனியன் வேஸ்ட் வாங்கும்போது பிசிறில்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

கைப்பிடி ஒரு சுற்றில் ஒரு இடத்தில் மட்டும் இறுகி இறுகி விட்டால் டேபிளை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவின் முனை வளைந்திருக்கிறது. ஏற்றும்போது யாரோ டேபிளின் ஓரத்தில் பெல்ட் போட்டுத் தூக்கியிருப்பார்கள், அல்லது கைப்பிடி வண்டியின் பாடியில் இடித்திருக்கும்.

டேபிள் நடுவில் லூசாகவும் ஓரத்தில் இறுக்கமாகவும் இருந்தால் இடமாற்றத்தின் மேல் பழி போட முடியாது. அது பல வருஷத் தேய்மானம், வாங்கும் முன்பே கடைசி வரை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஸ்லைடின் லூஸைச் சரிசெய்யும் ஆப்பான கிப்பை ஓரத்துக்கு ஏற்ற மாதிரி வைத்துவிட்டு, நடுவில் வெட்டும்போது தேவையில்லாத பூட்டுகளை லேசாகப் பிடித்துக்கொண்டு வேலை செய்யப் பழக வேண்டியதுதான்.

ஸ்பிண்டிலிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது

ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கொண்டுவந்தீர்கள் அல்லவா, போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போன ஆயில் இப்போது திரும்பி வருகிறது. சில நாள் கீழே ஒரு தட்டு வையுங்கள். அது நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சம் வரத்தான் செய்யும், மேலே விட்ட ஆயில் பேரிங் வழியாகக் கீழே கழிவதுதான் இந்த ஹெட்டின் முறை. சொட்டவே இல்லை என்றால்தான் நான் கவலைப்படுவேன்.

அதிர்கிறது

இதுதான் என் நாலு நாள் கதை. கட்டர் இல்லாமலே, 1000 ஆர்.பி.எம். தாண்டியதும் மெஷின் முழுவதும் நடுங்கியது, டேபிளில் வைத்த டீ டம்ளரில் வட்டம் வட்டமாக அலை. ஸ்பிண்டில் பேரிங் என்று முடிவு கட்டி விலை கூட விசாரித்துவிட்டேன். விலையைக் கேட்டதும்தான் நிதானம் வந்தது.

பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்தேன், நடுக்கம் பாதியாகக் குறைந்தது, ஆனால் இருந்தது. அப்படியென்றால் சந்தேகப்பட வேண்டியது ஸ்பிண்டிலை மட்டும் இல்லை, இரண்டு இடத்தில் பிரச்சினை. ஒன்று பெல்ட். மாதக்கணக்கில் ஒரே நிலையில் இழுத்துக் கட்டிக் கிடந்ததால் புல்லியின் வளைவு பெல்ட்டில் அப்படியே பதிந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உதை விட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஓடினால் சிலது சரியாகும், என்னுடையது ஆகவில்லை, புதுசு போட்டேன்.

இன்னொன்றைக் கண்டுபிடித்தது விளக்குமாறு. நாலாவது நாள் ஷெட்டைக் கூட்டும்போது பின்பக்க இடது காலுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது, குனிந்து பார்த்தால் உருட்டும்போது நாங்களே வைத்த பிளைவுட் சக்கை, அழுக்கில் தரையோடு தரையாக. ஒரு டன் மெஷின் மூன்று கால் இரும்பிலும் ஒரு கால் மரத்திலும் நின்றுகொண்டிருந்தது.

நீங்கள் இவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாலு மூலையிலும் செய்தித்தாள் துண்டை அடியில் தள்ளிப் பாருங்கள், எங்கே சுலபமாக நுழைகிறதோ அந்தக் கால் காற்றில் நிற்கிறது. அங்கே மரம், ரப்பர் எதுவும் வேண்டாம், சரியான கனத்தில் இரும்புத் தகடு கொடுங்கள், அல்லது திருகி உயர்த்தும் மெஷின் மவுண்ட் நாலு வாங்கிப் போடுங்கள். மட்டம் பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டம் ஆரம்பத்துக்குப் போதும், மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவல் கடன் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் லேத்துக்குப் பார்ப்பது போல இதற்கு மட்டத்தில் உயிரை விட வேண்டியதில்லை. நாலு காலும் உறுதியாக உட்கார்ந்து, அடிப்பகுதி முறுக்கிக்கொள்ளாமல் இருந்தால் சரி. ஆங்கர் போல்ட் போடுபவர்கள் கவனிக்க வேண்டியதும் இதுதான், அடியில் இடைவெளி இருக்கும் காலை போல்ட் போட்டு இழுத்தால் வார்ப்பு வளையும். முறுக்கும் முன்பும் பின்பும் லெவலின் குமிழி அதே இடத்தில் நிற்கிறதா பாருங்கள்.

வெறுமனே ஓடும்போது அமைதி, வெட்டும்போது மட்டும் கடகட என்றால் வாசலில் நுழைப்பதற்காக நாம் தளர்த்திய போல்ட்டுகளை நினைத்துப் பாருங்கள். டர்ரெட் போல்ட், ராம் பூட்டு, ஹெட் போல்ட். மூன்றையும் ஒரு சுற்று முறுக்குங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை.

ஃபேஸ் மில் (தட்டையான பரப்பு வெட்டும் அகலக் கட்டர்) ஓட்டினால் பரப்பு சமமாக வரவில்லை

ஹெட்டைத் திருப்பியிருந்தால் இது கட்டாயம் வரும், திருப்பாவிட்டாலும் வரலாம். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வெட்டிய பரப்பே சொல்லிவிடும். டேபிளை இடது வலமாக ஓட்டி, பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக வெட்டியபோது வரிசைக்கு வரிசை விரல் நகத்தில் தட்டுகிற மாதிரி படி விழுந்தால் ஹெட் முன்பின்னாகச் சாய்ந்திருக்கிறது. ஒவ்வொரு வரிசையும் நடுவில் லேசாகக் குழிந்து, ஸ்கேல் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரிந்தால் பக்கவாட்டுச் சாய்வு. கட்டர் போன தடத்தில் வளைகோடு ஒரு பக்கத்துக்கு மட்டும் இருந்தால் சாய்வு உண்டு, போகும் பல்லும் திரும்பும் பல்லும் இரண்டுமே கோடு போட்டுப் பாய் பின்னல் மாதிரி தெரிந்தால் ஏறக்குறைய நேராக இருக்கிறது.

சரி, நேராக்குவது. டேபிளை எண்ணெய்க்கல்லால் லேசாகத் தேய்த்துப் பிசிறை எடுத்துவிட்டுத் துடையுங்கள். முட்டியைப் பூட்டுங்கள். நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜை ஸ்பிண்டிலில் மாட்டி, அதன் முனை 200 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் சுற்றுகிற மாதிரி கேஜின் கையை நீட்டுங்கள். கேஜின் முனை டேபிளில் இருக்கும் டி ஸ்லாட் பள்ளத்தில் விழுந்து விழுந்து எழும், அது எரிச்சல். அதற்கு நான் பயன்படுத்துவது ஒரு பழைய பெரிய பேரிங்கின் வெளி வளையம். அதன் இரண்டு முகமும் கிரைண்டிங் செய்து ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும், டேபிளில் வைத்து அதன் மேல் கேஜை ஓட்டலாம். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும்.

முதலில் முன்பின். பின்னால் பூஜ்யம் வைத்து முன்னால் திருப்புங்கள். என் மெஷினில் முதல் தடவை 0.14 மி.மீ. வந்தது. போல்ட்டுகளைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள், முழுவதும் தளர்த்தினால் ஹெட் குப்புற விழும், அந்தக் கனத்தைக் கையால் நிறுத்த முடியாது. ஹெட்டைச் சாய்க்கும் திருகை மெதுவாகத் திருப்பி வித்தியாசத்தில் பாதியை, அதாவது 0.07-ஐ மட்டும் எடுங்கள். முழு 0.14-ஐயும் எடுக்கப் பார்த்தால் மறுபக்கம் தாண்டிவிடும், நிறையப் பேர் ஒரு மணி நேரம் ஊசலாடுவது இங்கேதான். பிறகு போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கடைசி முறுக்கில் அளவு 0.03 நகரும், கோபப்படாதீர்கள், நகர்வதை முன்கூட்டியே கணக்கில் வைத்து எதிர்ப்பக்கம் அவ்வளவு விட்டு வையுங்கள். அப்புறம் பக்கவாட்டை அதே மாதிரி. அது முடிந்ததும் முன்பின்னை மறுபடி பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் மாறியிருக்கும். இரண்டிலும் 0.02-க்குள் வந்தால் வீட்டு வேலைக்கு நான் நிறுத்திவிடுவேன்.

சில நகல்களில் முன்பின் திருப்பும் வசதியே கிடையாது. அதில் ஹெட்டுக்கும் ராமுக்கும் நடுவில் ஷிம் (மெல்லிய தகடு) வைப்பதுதான் வழி, அதற்கு முன் அந்த இரண்டு முகத்துக்கும் நடுவில் இடமாற்றத்தின்போது மண்ணோ பெயிண்ட் செதிலோ மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

100 வெட்டினால் 101.6 வருகிறது

டயல் இஞ்ச் டயல். இந்த மெஷின்களின் மூல டிசைனில் கைப்பிடி ஒரு சுற்றுக்கு டேபிள் 0.2 இஞ்ச் நகரும், அது 5.08 மி.மீ. அதை 5 மி.மீ. என்று நினைத்து இருபது சுற்று விட்டால் 1.6 கூடுதலாகத்தான் வரும். துளைகளின் இடைவெளி தூரம் போகப் போகத் தப்பினால் முதலில் கைப்பிடியில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். தூரம் எதுவானாலும் ஒரே அளவு தப்பினால், அதுவும் திசை மாற்றும்போது மட்டும் தப்பினால், அது பேக்லாஷ் (திருகுக்கும் நட்டுக்கும் நடுவில் இருக்கும் லூஸ்), எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவுக்கு வந்து சேருங்கள். இரண்டு தொல்லையும் வேண்டாம் என்றால் டிஆர்ஓ (டேபிள் நகர்ந்த தூரத்தை எண்ணில் காட்டும் கருவி) மாட்டுவதுதான் தீர்வு.

இதே வகைக் குழப்பம் வேகத்திலும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் என்றால் தகட்டில் இருக்கும் வேகம் 60 ஹெர்ட்ஸுக்கு, இங்கே 50-ல் எல்லாமே ஆறில் ஐந்து பங்குதான் சுற்றும். பழுது இல்லை.

காலட் வெளியே வரமாட்டேன் என்கிறது

ஆர்8 காலட்டை உள்ளேயே விட்டு மழை நாளில் ஏற்றிக் கொண்டுவந்தால் டேப்பரில் துரு பிடித்து ஒட்டிக்கொள்ளும். டிராபாரை ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, தலையில் பித்தளைச் சுத்தியால் ஒரு தட்டு. முழுவதும் கழற்றிவிட்டு நுனி இழையில் மட்டும் நிற்கும்போது தட்டினால் காலட்டின் மரை நசுங்கும். வரவில்லை என்றால் கீழிருந்து துரு நீக்கும் ஆயில் அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள், பலமாக அடித்தால் அடி வாங்குவது பேரிங். புதுக் காலட் உள்ளே ஏறவே மறுத்தால் ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் சின்ன ஊசி காலட்டின் பள்ளத்தில் பொருந்தவில்லை, கையால் மெதுவாகச் சுற்றித் தேடுங்கள். எப்படி வேண்டுமானாலும் ஏறி உள்ளேயே சுற்றினால் அந்த ஊசி ஒடிந்திருக்கிறது.

டேபிள் ஆரஞ்சு நிறமாகிறது

ஷெட்டில் நிறுத்திய முதல் வாரம் மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் ஷீட் போட்டு இறுக்கிக் கட்டினேன். காலையில் பிரித்தால் உள்ளே வியர்த்து டேபிள் முழுக்கத் துரு. மண்ணெண்ணெயும் நைலான் ஸ்கிரப்பரும் வைத்துத் தேய்த்ததில் போய்விட்டது, நிழல் மாதிரி கறை மட்டும் இருக்கிறது. இப்போது வேலை முடிந்ததும் ஆயில் துணியால் ஒரு துடைப்பு, மேலே பழைய பருத்திப் போர்வை. ஆடிக் காற்றுக்கு ஷெட் ஜன்னலில் தூசி அடிக்கும் பக்கத்தில் கொசுவலை அடித்திருக்கிறேன், ஸ்லைடில் மண் ஏறுவது அதில் நன்றாகக் குறைந்தது.